“நம்ம பிள்ளை கையால நன்மை வாங்குவாங்களா?”

புதுச்சேரி இந்திரா காந்தி சிலையிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே போனால் ரெட்டியார்பாளையம். காலை ஐந்தரை மணிக்கு அந்தச் சாலையில் பால் வண்டிகளும், கட்டட வேலைக்குக் கிளம்பியவர்களின் சைக்கிள்களும்தான் தெரியும். அந்த நேரத்தில் பூசைக்குப் போகிற ஓர் இளைஞரை நமக்குத் தெரியும். பேர் போட வேண்டாம் என்றார். தம்பி என்றே சொல்வோம்.

தம்பிக்கு வயது 20. அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறார். அப்பா பெயின்ட் அடிக்கும் தொழிலாளி. அம்மா இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். முகூர்த்த நாட்களில் தம்பி கேட்டரிங் வேலைக்குப் போவார். மண்டபத்தில் பந்தி பரிமாறினால் அன்றைக்கே கூலி கைக்கு வந்துவிடும். கல்லூரிச் செலவும் போன் ரீசார்ஜும் அதில்தான் ஓடுகின்றன. ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறார். மாலையில் அன்பியக் கூட்டம். யார் வீட்டிலாவது சாவு என்றால் செபமாலை சொல்லப் போகிறவர்களில் அவரும் ஒருவர்.

இவருக்குச் சாமியாருக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. ஒரு வருடமாக மனதுக்குள் வைத்திருந்து, சமீபத்தில்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மா அழுதுவிட்டு, “உன் இஷ்டம்” என்றார். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த ஆயாதான் வெற்றிலையை மென்றபடியே கேட்டார்: “ஏன்டா, நீ பூசை வெச்சா அவங்க உன் கையால நன்மை வாங்குவாங்களா?”

நன்மை என்பது நற்கருணை. ஆயாவின் ஊரில் கிறிஸ்தவர்கள் இரண்டு தெருக்களாக வாழ்கிறார்கள். கல்லறையும் இரண்டாகத்தான் இருக்கிறது. அந்த ஊரைப் பார்த்து வளர்ந்தவரின் கேள்வி அது.

பத்து ஆண்டுப் பயணம்

கத்தோலிக்கத் திருச்சபையில் குருவாக ஆவது நீண்ட வழி. முதலில் பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். பிறகு கோடை விடுமுறையில் நடக்கும் இறையழைத்தல் முகாம். அங்கே தேறினால் சிறிய குருமடம். அதன் பின் பெரிய குருமடத்தில் மெய்யியல், இடையில் ஓராண்டு களப்பணி, பிறகு இறையியல். மெய்யியலும் இறையியலும் சேர்ந்து முழுதாக 6 ஆண்டுகளாவது படிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். 25 வயது நிறையாமல் குருப்பட்டம் கிடையாது. பிளஸ் டூ முடித்து நுழைகிற பையனுக்கு ஏறக்குறைய 10 முதல் 12 ஆண்டுகள் பிடிக்கும்.

படிப்புச் செலவின் பெரும்பகுதியை மறைமாவட்டமே பார்த்துக்கொள்வது வழக்கம். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளும் வீட்டுக்கு ஒரு சம்பளம் வராது. முதல் பட்டதாரியை நம்பியிருக்கும் பெயின்டர் குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. அப்பா பேசாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். தங்கச்சியின் படிப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது.

இது எல்லா ஏழை வீட்டிலும் உள்ள கவலை. ஆயா கேட்ட கேள்வி தலித் வீட்டில் மட்டும் உள்ளது. அதற்கு வயது கிட்டத்தட்ட 300.

ராஜநாயக்கன் கதை

காரைக்காலுக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டிய தரங்கம்பாடி அன்று டேனிஷ்காரர்களின் ஊர். 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கி, லுத்தரன் சபைக்கு அடித்தளம் போட்ட இடம். அந்தச் சபையில் 1733-ல் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். ராஜநாயக்கனைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

ராஜநாயக்கன் பறையர் சமூகத்தில் பிறந்தவர். தஞ்சை மராத்திய மன்னரின் படையில் சேர்வைக்காரர். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர், தமிழில் அச்சான புதிய ஏற்பாட்டைத் தானே படித்து, 1720-களில் லுத்தரன் சபைக்கு வந்தார். பிறகு படையை விட்டு உபதேசியாரானார். தஞ்சைப் பகுதியில் அடியும் மிரட்டலும் பார்த்து ஊழியம் செய்தார். இரண்டாவது தமிழ்ப் போதகர் யார் என்ற கேள்வி வந்தபோது அவர் பெயரும் எழுந்தது. திறமையில் குறை சொல்ல ஆளில்லை. ஆனால், ஒரு பறையர் கையால் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள், அவரை வீட்டுக்குள் விட மாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். 1741-ல் தியோகு என்ற வேறொருவருக்குப் போதகர் பட்டம் கிடைத்தது.

ராஜநாயக்கன் ஊழியத்தை விடவில்லை. 1771-ல் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உபதேசியாராகவே இருந்தார். அவருடைய அழைப்பை யாரும் மறுக்கவில்லை. பந்தியில் கை நீட்ட வேண்டியவர்கள் நீட்ட மாட்டார்கள் என்று சொல்லி, பட்டத்தை மட்டும் மறுத்தார்கள். ஆயா ராஜநாயக்கனைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

இடிந்த சுவர்

நம்ம ஊர்க் கதையும் ஒன்று உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் அதை எழுதி வைத்திருக்கிறார். அப்போது புதுச்சேரி மாதா கோயிலுக்குள் வடபுறம் ஒரு சுவர் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பறையர்கள், இந்தப் பக்கம் மற்றவர்கள். காரைக்காலிலிருந்து வந்த ஒரு சாமியார் இதைப் பார்த்து, இது என்ன நியாயம் என்று மக்களிடம் பேசினார். மக்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களை ஏன் பிரித்து வைக்கிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. பெரிய சாமியார் சுவரை இடிக்கச் சொன்னார். எதிர்ப்பும் கிளம்பியது.

சுவரை இடிக்க வைத்தது கோயிலுக்கு வந்துகொண்டிருந்த மக்களின் முறையீடு. அவர்களோடு நின்றவர் ஒரு சாமியார். குருமடத்துக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

1844-ல் புதுச்சேரியில் கூடிய மறைப்பணியாளர் மாமன்றம் உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதே தலையாய வேலை என்று முடிவு செய்தது. நாம் அறிந்த பெத்தி செமினேர் பள்ளி அதே ஆண்டில் பிறந்தது. பேருக்கே ‘சிறிய குருமடம்’ என்றுதான் பொருள். ஆனால் உள்நாட்டவர் என்றால் எந்தத் தெருக்காரர் என்ற கேள்வி அதோடு தீரவில்லை.

2008 மார்ச் 9-ம் தேதி, புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டிக் கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 உயிர்கள் போயின. ஒரே மாதாவை வணங்குகிற இரண்டு தெருக்களுக்கு நடுவில் நடந்தது இது.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று அதில் ஆயர்களே ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவில் உள்ள 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்பதும் அதில் உள்ள கணக்கு.

2022-ல் நம் உயர்மறைமாவட்டத்துக்குப் புதிய பேராயர் அறிவிக்கப்பட்டபோது தலித் கிறிஸ்தவ அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தனி மனிதர் மீது கோபம் இல்லை, பெரும்பான்மையாக உள்ள எங்களிலிருந்து ஒருவர்கூடப் பேராயராக வரவில்லையே என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டார். தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால் அவர். கதவு திறக்கவே திறக்காது என்று சொல்ல முடியாது. தள்ளுகிறவர்கள் இருந்தால் திறக்கிறது.

உள்ளே போய் வெளியே வந்தவர்

தம்பி நம்மிடம் இன்னொரு பயத்தையும் சொன்னார். “அண்ணே, போய்ட்டு பாதியில வந்துட்டா ஊர்ல எப்படி மூஞ்சியக் காட்டுறது?”

கல்லூரி மாணவர்களுக்கு எழுத்தாளர் பாமாவைத் தெரிந்திருக்கும். தலித் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் அவர் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கே அந்த வேலைக்கு இடமில்லை என்று கண்டு, 1992-ல் வெளியே வந்தார். அதே ஆண்டு வெளிவந்தது ‘கருக்கு’. பிறகு பள்ளி ஆசிரியராகவே பிள்ளைகளோடு வாழ்ந்தார். எதற்காக மடத்துக்குள் போனாரோ, அதை வெளியே இருந்து செய்தார். வெளியே வந்ததால் அவர் அழைப்பு பொய்யாகிவிடவில்லை. இதைத்தான் தம்பியிடமும் சொன்னோம்.

ஆனால் வெளியே வருகிற பையனுக்குச் சட்டம் வைக்கும் தடை ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-ல் சீக்கியர்களும், 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றும் வெளியில்தான். புதுச்சேரிக்கு 1964-ல் தனி ஆணை வந்தது. அங்கேயும் இதே நிபந்தனைதான். தமிழ்நாட்டில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள்.

இந்த மத நிபந்தனையை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் இதே விஷயத்தை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு மற்றோர் ஆணையம் அமைத்தது.

இதன் பொருள் என்ன? 27, 28 வயதில் குருமடத்திலிருந்து வெளியே வரும் தலித் கிறிஸ்தவ இளைஞருக்கு அரசு வேலையில் பட்டியல் சாதி இடஒதுக்கீடு கிடையாது. மத்திய அரசு வேலைகளில் அந்தப் பிரிவினருக்குத் தரப்படும் 5 ஆண்டு வயது வரம்புச் சலுகையும் கிடையாது. ஊர்த் தெருவில் அவர் தலித். அலுவலக விண்ணப்பத்தில் தலித் இல்லை.

கேட்டுவிட்டுப் போகலாம்

யாரையும் குருமடத்துக்குப் போ என்றோ, போகாதே என்றோ சொல்ல நாம் இதை எழுதவில்லை. அது அவரவர் மனசாட்சி. ஆனால் போகிற பிள்ளை சில கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. கையில் இருக்கும் பட்டப்படிப்பை முடித்துவிட்டுச் சேர முடியுமா? அங்கே படிப்பதற்குப் பல்கலைக்கழகம் ஏற்கும் சான்றிதழ் உண்டா? நம் தெருவிலிருந்து இதற்கு முன் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், குருவானவர்கள் எத்தனை பேர், வெளியே வந்தவர்கள் ஏன் வந்தார்கள்? உள்ளே யாராவது சாதிப் பேர் சொல்லிப் பேசினால் யாரிடம் முறையிடுவது? இப்படிக் கேட்பதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், 1745-ல் சுவரைப் பற்றிக் கேட்ட நம் முன்னோர்களை நினைத்துக்கொள்ளலாம்.

தெருவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. போகும்போது மாலை போட்டு அனுப்புகிற நாம், பாதியில் திரும்பி வந்தால் ‘ஓடி வந்தவன்’ என்று பேர் வைக்கிறோம். அந்தப் பேச்சை முதலில் நிறுத்த வேண்டும்.

போன ஞாயிறு தம்பி திருப்பலியில் முதல் வாசகம் வாசித்தார். வாசித்து முடித்ததும் மறைக்கல்வி வகுப்பு, அது முடிந்ததும் மண்டபத்து வேலை. மதியப் பந்தியில் சாதம் போட்டார், சாம்பார் ஊற்றினார். டவுன் மண்டபத்தில் பரிமாறுகிறவன் எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அவர் கையால் வாங்கிச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் நம்மிடம் அதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு, “ஆயா கேட்டதுக்கு இன்னும் பதில் தெரியலண்ணே” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தம்பி இல்லை. வரிசையில் நின்று கை நீட்டப் போகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். ராஜநாயக்கன் காலத்தில் அவர்களைக் கேட்காமலேயே, மாட்டார்கள் என்று முடிவு செய்துவிட்டார்கள். இந்த முறையாவது கேட்டுப் பார்க்கட்டும்.

மே மாத முகாமுக்குத் தம்பி பேர் கொடுத்திருக்கிறார். அதற்கு முன் செமஸ்டர் தேர்வு இருக்கிறது.