தழும்பா, மீண்டும் வளர்ந்த கட்டியா?

தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் தோன்றும் புற்றுநோய் சார்க்கோமா எனப்படும். அறுவை சிகிச்சையில் கட்டியை அகற்றிய பிறகும், சிலருக்கு அதே இடத்தில் அது மீண்டும் வளரலாம். பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுகளுக்குள். அதைக் கண்காணிக்கத்தான் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறார்கள்.

நீர்ச்சத்து மிகுந்த பகுதியை வெண்மையாகக் காட்டும் ‘டி2’ படத்தில், நாள்பட்ட தழும்பு கறுப்பாகத் தெரியும். கட்டி பெரும்பாலும் வெண்மையாகத் தெரியும். ஆனால் வெளுத்ததெல்லாம் பால் அல்லவே! கதிர்வீச்சுச் சிகிச்சையால் வீங்கிய தசையும், அறுவை செய்த இடத்தில் தேங்கிய நீரும் வெண்மையாகவே தெரியும்.

அப்படியானால் எப்படிப் பிரித்தறிவது? வீங்கிய தசை தன் இழையமைப்பை இழப்பதில்லை. கட்டியோ திரண்டு நிற்கும். அடுத்து, கடோலினியம் கலந்த மருந்தை ரத்தநாளத்தில் செலுத்துகிறார்கள். ரத்தம் போகும் இடத்திற்கே மருந்தும் போகும். கட்டிக்குள் ரத்தநாளங்கள் இருப்பதால் அதன் உட்பகுதி ஒளிரும். தேங்கிய நீருக்குள் ரத்த ஓட்டம் இல்லை. அதன் விளிம்பு மட்டுமே ஒளிரும்.

முந்தைய படங்களும் உதவும். தழும்பு காலப்போக்கில் சுருங்கும், கட்டி வளரும். அப்போதும் ஐயம் தீராவிட்டால், ஊசியால் சிறிது திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வார்கள்.