நாவலுக்குள் ஒரு வாத்தியார்

திருப்பத்தூரில் தாலுகா அலுவலக எழுத்தராக இருந்த ஓர் இளைஞர், வேலையை விட்டுவிட்டுத் தாமே படித்து, 1935-இல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாகத் தேறினார். அவர்தான் மு. வரதராசன், எல்லார் வாயிலும் மு.வ.

சென்னை பச்சையப்பன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். பின்னாளில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். இடையில் எழுதிக் குவித்த நாவல்களில் ‘அகல் விளக்கு’ 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அவர் கதைமாந்தர்கள் காதலிக்கும்போதுகூடப் பாடம் நடத்துவார்கள் என்று விமர்சகர்கள் குறைப்பட்டதுண்டு. குறை நியாயந்தான். ஆனால், ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’ என்று அவர் கடிதமாக எழுதிய நூல்களில் அதே வாத்தியார் குரல் அத்தனை இயல்பாகப் பொருந்துகிறது!

நாவல் வாசிக்காத வீடுகளிலும் மு.வ. இருக்கிறார். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் வரும் அந்தக் கையடக்கத் திருக்குறளைப் புரட்டிப் பாருங்கள். குறளுக்குக் கீழே, அகராதி தேட வைக்காத ஒற்றை வாக்கியம். 1949-இல் வெளிவந்த அவருடைய தெளிவுரை அது. குறளின் பழைய உரையாசிரியர் பரிமேலழகரோடு மல்லுக்கட்டிய மாணவர்கள் பலர் மூச்சு விட்டது இங்கேதான்.