புரதப் படிகங்களைக் காண்பதற்கான நுண்ணோக்கியைத் தேர்ந்தெடுத்தல்: ஓமலூர்ப் பகுதி ஆய்வுக்கூடங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

புரதப் படிகங்களை ஆராய உருப்பெருக்கம் மிகுந்த நுண்ணோக்கியே சிறந்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. படிகத்தைக் காண்பதோடு சிதையாமல் எடுக்கவும் வேண்டியிருப்பதால், பணித்தொலைவும் ஒளியமைப்புமே தேர்வின் முதன்மை அளவுகோல்கள் என இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புரதப் படிகம், முப்பரிமாண நுண்ணோக்கி, பணித்தொலைவு, துருவ ஒளி, லைசோசைம்.

முன்னுரை

புரத அமைப்பு ஆய்வில் தமிழகத்திற்கு நெடிய மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் முப்புரி அமைப்பை 1954ஆம் ஆண்டு முன்மொழிந்தனர். சேலத்திலிருந்து ஓமலூர் செல்லும் வழியில் 1997இல் தொடங்கப்பெற்ற பெரியார் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. இவ்வட்டாரக் கல்லூரிகளில் படிகமாக்கல் பயிற்சியைத் தொடங்க ஏற்ற புரதம் லைசோசைம். கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் கிடைக்கும் இது, 1965இல் முப்பரிமாண அமைப்பு கண்டறியப்பட்ட முதல் நொதியாகும். முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல் அருகிலேயே உள்ளது. உயிரியல் துறைகளில் ஏற்கெனவே உள்ள கூட்டு நுண்ணோக்கி இப்பணிக்குப் போதுமா என்பதே வினா.

பணித்தொலைவும் உருப்பெருக்கமும்

கூட்டு நுண்ணோக்கியின் 40 மடங்கு பொருளருகு வில்லைக்கும் பொருளுக்கும் இடைவெளி பொதுவாக 1 மி.மீ.க்கும் குறைவு. அவ்விடைவெளியில் படிகம் எடுக்கும் கண்ணியை நுழைக்க இயலாது. பல வாரங்கள் வளர்ந்த படிகம் ஒரு நொடியில் நொறுங்கிவிடும். மேலும், அதன் பிம்பம் தலைகீழாகத் தோன்றுவதால் கையின் இயக்கமும் தடுமாறும். முப்பரிமாண நுண்ணோக்கியிலோ பணித்தொலைவு பெரும்பாலும் 80 மி.மீ.க்கு மேல் இருக்கும். பிம்பமும் நேராகத் தெரியும். 0.1 மி.மீ. படிகம் 50 மடங்கு உருப்பெருக்கத்தில் 5 மி.மீ. அளவினதாகத் தோன்றும். எனவே 10 முதல் 80 மடங்கு வரை தொடர்ச்சியாக மாற்றத்தக்க கருவியே போதுமானது.

துருவ ஒளியின் பயனும் எல்லையும்

இப்பகுதியின் மாக்னசைட் பாறைகளை ஆராயும் புவியியலாளர் துருவ ஒளியைப் பயன்படுத்துவது போல, படிகவியலாளரும் குறுக்காக வைத்த இரு துருவத் தகடுகளுக்கிடையே துளியைக் காண்பர். இரட்டை ஒளிவிலகல் உடைய படிகம் இருண்ட பின்னணியில் ஒளிரும். புரதப் படிகங்கள் மங்கலாகவும், பல உப்புப் படிகங்கள் பளிச்சென்றும் தோன்றும்.

ஆயினும் இதனைப் பொதுவிதியாகக் கொள்ளலாகாது. லைசோசைமைப் படிகமாக்க உதவும் சோடியம் குளோரைடு கனசதுர அமைப்பினது. ஆகவே அது இருண்டே இருக்கும். கனசதுர இன்சுலின் படிகமும் அவ்வாறே. நாற்கோண லைசோசைம் படிகம் ஒளிரும். ஆனால் அதன் முதன்மை அச்சின் வழியே நோக்கினால் அதுவும் இருண்டுவிடும். பாலிஸ்டைரீன் தட்டுகள் தாமே வண்ணங்காட்டிக் குழப்பும். ஆகவே சுழற்றத்தக்க துருவத் தகடு தேவை. அது காட்டுவதை மட்டுமே கொண்டு முடிவு செய்யலாகாது.

ஒளியும் வெப்பமும்

ஆலசன் விளக்கின் வெப்பம் சில மைக்ரோலிட்டர் அளவேயான துளியைச் சூடாக்கிப் படிகத்தைக் கரைக்கவோ துளியை உலர்த்தவோ கூடும். ஓமலூர்ச் சமவெளியின் கோடையில் இக்கவனம் இன்னும் இன்றியமையாதது. கீழிருந்து ஒளியூட்டும் எல்இடி அமைப்பு பாதுகாப்பானது. குளிரறையிலிருந்து எடுத்த தட்டின் மூடியில் நீர் படிந்து பார்வையை மறைக்கும் என்பதால், நுண்ணோக்கியையும் படிகம் வளரும் வெப்பநிலையிலேயே அமைப்பது நலம்.

முடிவுரை

நிதி ஒருமுறையே கிடைக்கும் துறைகள், மிகை உருப்பெருக்கத்திற்கும் ஒளிப்படக் கருவிக்கும் செலவிடுமுன் நீண்ட பணித்தொலைவு, குளிர்ந்த அடியொளி, சுழலும் துருவத் தகடு ஆகிய மூன்றையும் உறுதிசெய்ய வேண்டும். கருவியை வாங்குமுன், தாம் வளர்த்த லைசோசைம் தட்டை அதன்கீழ் வைத்து, ஒரு படிகத்தைக் கண்ணியால் எடுத்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை.