ரப்பரா, குண்டுகளா?

1962-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 'எலான்' என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. எடை சுமார் 700 கிலோதான். இன்றும் அதை ஆசையாக ஓட்டுகிறவர்கள் உண்டு. பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுகளின் இணைப்பு தேய்ந்துவிட்டால், புதிதாக எதைப் போடுவது என்பது அவர்களுக்குப் பெரிய கேள்வி.

அதில் என்ன சிக்கல்? ஒரு ஸ்கேலை எடுங்கள். ஒரு முனை சுவரைத் தொடட்டும், மறுமுனையை மேசையில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது சுவரோரம் உள்ள முனையைத் தூக்குங்கள். அது சுவரைவிட்டு விலகுகிறது, இல்லையா? காரில், எஞ்சினின் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரப் பெட்டி அசையாமல் இருக்க, சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்குகிறது. ஆகவே நடுவில் உள்ள தண்டு சுழல வேண்டும், முனைகளில் மடங்க வேண்டும், நீளமும் கொஞ்சம் மாற வேண்டும்.

இந்த மூன்றுக்கும் சேர்த்து எலானில் வைத்தது வெறும் ரப்பர்! 'ரோட்டோஃப்ளெக்ஸ்' என்ற தடித்த ரப்பர் வளையம், பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு. ஒவ்வொன்றிலும் ஆறு போல்ட் துளைகள். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று ஒரு பக்கத்துக்கு, மூன்று மறுபக்கத்துக்கு. கிரீஸே வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் கிளட்சை விட்டதும் ரப்பர் முதலில் முறுக்கிக்கொண்டு, பிறகு விடுபடுவதால் கார் குலுங்கும். வயதானால் வெடிப்பும் விழும். வேகத்தில் அறுந்தால், கழன்ற தண்டு சுழன்று பக்கத்தில் இருப்பதையெல்லாம் அடித்து நொறுக்கும்.

அடுத்தது, சிலுவை வடிவத் துண்டு கொண்ட யுனிவர்சல் ஜாயின்ட். உறுதியானது. ஆனால் 20 டிகிரி மடங்கினால், மறுபக்கத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சுமார் 6 சதவீதம் வேகமாகவும் இரண்டு முறை அதே அளவு மெதுவாகவும் சுழலும்! இரு முனையிலும் ஒவ்வொன்றைச் சரியான கோணத்தில் பூட்டினால் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றது ஈடுகட்டிவிடும். நீளம் மாறுவதற்கு, ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பல்வரிசை தனியாக வேண்டும். எஞ்சின் பலமாக இழுக்கும்போது அந்தப் பற்கள் இறுகி, நழுவ மறுக்கும்.

மூன்றாவது சி.வி. ஜாயின்ட், அதாவது மாறாத வேக இணைப்பு. 1920-களில் ஆல்ஃபிரெட் ஷெப்பா என்ற பொறியாளர் கண்டுபிடித்த வகையில், வளைந்த பள்ளங்களில் ஆறு எஃகுக் குண்டுகள் உண்டு. தண்டு எவ்வளவு மடங்கினாலும் குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்கின்றன. அதனால்தான் இரு பக்கமும் ஒரே வேகம். 1959-இல் வந்த மினி கார் இதைத் தெருவெங்கும் கொண்டுவந்தது. உள்பக்க ஜாயின்டில் குண்டுகள் நீளவாக்கில் நகர இடம் இருந்தால் நீளப் பிரச்சினையும் தீரும். ஒரு குறை: ரப்பர் தாங்கிக்கொண்ட அதிர்ச்சி இப்போது நேராக டிஃபரன்ஷியல் பற்களுக்குப் போகும்.

அடிக்கடி நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு நான் சி.வி.யைத்தான் சொல்வேன். காரைப் பழைய வடிவத்திலேயே காக்க நினைப்பவர்கள் ரப்பரையே போடலாம். ஆனால் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்து அடிக்கடி பார்க்க வேண்டும். சி.வி. வாங்குமுன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது தண்டு எத்தனை டிகிரி சாய்கிறது என்று அளக்க வேண்டும். ஜாயின்ட் தாங்கும் கோணம் அதைவிடக் குறைவாக இருந்தால், சக்கரம் அவ்வளவு கீழே இறங்காதபடி ஒரு தடுப்பையும் சேர்த்தே பொருத்த வேண்டும்.