பத்து ராகமும் ஒரு வெள்ளிப் பெட்டியும்

ஆடி மாதம் புதுச்சேரி லாஸ்பேட்டைப் பக்கம் அம்மன் கோவில் பாட்டுக் கச்சேரியில், மேடை ஓரமாக நின்றுகொண்டு ஒருவர் குச்சியால் ரப்பர் கட்டங்களைத் தட்டிக்கொண்டிருப்பார். டிரம்ஸ், தவில், உடுக்கை எல்லாமே அந்த ஒரு ‘பேடு’க்குள்ளிருந்து வரும். ஆனால் அவர் கை நின்றால் அதுவும் நின்றுவிடும். ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால் ஆள் விலகிய பிறகும் தானே வாசித்துக்கொண்டிருக்கும் கருவிகள் வேறு ரகம். அவற்றில் இரண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 1982-இல் பம்பாயில் ஒருவர் தனியாளாக ஒரு முழு இசைத்தட்டை வாசித்து முடித்தார்.

அவர் பெயர் சரண்ஜித் சிங். இந்திப் படப் பாடல் பதிவுகளில் கிதார், பேஸ் கிதார், சிந்தசைசர் வாசித்தவர். ஆர்.டி. பர்மன், சங்கர்–ஜெய்கிஷன் பாட்டுகளில் பின்னணியில் ஒலிக்கும் பெயர் தெரியாத கைகளில் ஒன்று அவருடையது. சிங்கப்பூரில் வாங்கிய மூன்று ரோலண்ட் கருவிகள் அவரிடம் இருந்தன: டிஆர்-808 என்ற தாளக் கருவி, டிபி-303 என்ற பேஸ் கருவி, ஜூபிடர்-8 என்ற சிந்தசைசர். அவற்றைக் கொண்டு உருவான ஆல்பத்தின் பெயர் ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. வெளியிட்டது எச்.எம்.வி.

மூன்றிலும் சின்னது, வெள்ளி நிறப் பிளாஸ்டிக்கில் வந்த 303. டிரம்மரும் பேஸ் வாசிப்பவரும் இல்லாமல் தனியே பயிற்சி செய்யும் கிதார்காரர்களுக்குத் துணையாக ரோலண்ட் இதைச் செய்தது. பேட்டரியிலேயே ஓடும். உள்ளே ஒலியை உண்டாக்கும் அலையியற்றி ஒன்றே ஒன்றுதான். அது தருவதும் ரம்பப்பல் அலை அல்லது சதுர அலை, இந்த இரண்டில் ஒன்று. இரண்டுமே கரகரப்பானவை. அந்தக் கரகரப்பு ஒரு வடிகட்டி வழியாகப் போகிறது. ஒரு குமிழைத் திருப்பினால் எந்த அதிர்வெண்ணுக்கு மேல் ஒலியை வெட்டுவது என்று தீர்மானமாகும். அடுத்த குமிழ், வெட்டுகிற அந்த இடத்திலேயே ஒலியைக் கூர்மையாகத் தூக்கிக் காட்டும். இதற்குப் பெயர் ரெசொனன்ஸ்.

சுருதியை மாற்றாமல் ‘ஊ’ என்று இழுத்து, மெல்ல வாயைத் திறந்து ‘ஆ’வுக்குப் போய்ப் பாருங்கள். தொண்டை அதே ஸ்வரத்தில்தான் நிற்கிறது. மாறுவது வாய்க்குழியின் வடிவம். 303-இன் வடிகட்டி செய்வதும் இதைத்தான். ஒரே நோட்டு முனகும், பிறகு வாய் திறந்து கத்தும்.

இதில் ஒரு வரிசைக்குப் பதினாறு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்வரமோ மௌனமோ வைக்கலாம். கூடவே இரண்டு குறிப்புகள் உண்டு. ‘ஆக்சென்ட்’ போட்டால் அந்த ஸ்வரம் அழுத்தமாக விழும். ‘ஸ்லைடு’ போட்டால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு இடைவெளியில்லாமல் வழுக்கிப் போகும். நம் பாட்டு வாத்தியார் ஜாரு என்று சொல்லுவாரே, அதன் முரட்டுத் தம்பி. தொல்லை என்னவென்றால், ஸ்வரங்களை முதலில் தனியாகவும், எது எப்போது ஒலிக்க வேண்டும் என்பதைப் பிறகு தனியாகவும் பதிய வேண்டும். கிதார்காரர்கள் வெறுத்துப்போனார்கள். பேஸ் கிதார் மாதிரியும் அது ஒலிக்கவில்லை. சுமார் 10,000 பெட்டிகள் செய்தபின், 1984-இல் ரோலண்ட் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

808-க்குள்ளும் பதிவு செய்த டிரம் ஒலி ஒன்றுகூடக் கிடையாது. ஒரு மின்துடிப்பு போய்ச் சுற்றை உசுப்பும். அது கொஞ்ச நேரம் அதிர்ந்து ஓயும். அந்த அதிர்வுதான் ‘டும்’. லாஸ்பேட்டை பாலிடெக்னிக்கில் சாலிடரிங் பிடித்த பிள்ளைகளுக்குச் சுற்றுப்படம் கிடைத்தால் மேசையிலேயே இந்த ‘டும்’மைச் செய்துவிடுவார்கள். சிம்பல் ஓசைக்கு ஆறு சதுர அலைகள் கலக்கின்றன. 808 தாளம் போட, ஒரு கேபிள் வழியாக ஒரு அடிக்கு 24 துடிப்புகள் 303-க்குப் போகும். இரண்டும் பிசகாமல் சேர்ந்து ஓடும். கருவிகளை இணைக்கும் பொதுமொழியான ‘மிடி’ வந்தது 1983-இல்தான்.

சிங்கின் இரு கைகளும் ஜூபிடர்-8-இல் மெட்டு வாசிக்க விடுதலையானது இப்படித்தான். ராகம் இதற்கு வாகாக அமைந்ததில் எனக்கு வியப்பில்லை. மேற்கத்தியப் பாட்டில் கார்டு மாறும்போது பெரும்பாலும் பேஸும் மாறும். ராகத்தில் ஷட்ஜம் அசையாது. ஆகவே ஒரே பதினாறு கட்டம் ஐந்து நிமிடம் திரும்பத் திரும்பச் சுழன்றாலும் காது அதைத் தம்புராவின் இடத்தில் வைத்துக் கேட்டுக்கொள்ளும்.

பத்து ராகங்களில் பல நமக்குப் பழக்கமானவை. பூபாலி நம் மோகனம், யமன் கல்யாணி, மால்கௌன்ஸ் இந்தோளம், கலாவதி வலஜி, பைராகி ரேவதி. தோடி என்று போட்டிருப்பதைப் பார்த்து நம் தோடியை எதிர்பார்க்க வேண்டாம். வடக்கின் தோடி நம் சுபபந்துவராளியோடு சேரும். ஆலாபனை வேண்டும் என்று உட்காருபவர்களுக்கும் ஏமாற்றம்தான். சாவிப்பலகையின் பன்னிரண்டு ஸ்வரங்களுக்குள் நுண்ணிய கமகம் அடங்காது. விடாமல் அடிக்கும் டிஸ்கோ தாளத்தில் விளம்பத்துக்கும் இடமில்லை. இதைக் கச்சேரித் தட்டு என்று கொள்வதைவிட, ராகத்தின் எலும்புக்கூட்டை இயந்திரத்தில் ஓடவிட்ட சோதனை என்று கொள்வதே நியாயம்.

இசைத்தட்டு விற்கவில்லை. இதற்கிடையே விலை போகாத 303 பெட்டிகள் அமெரிக்காவில் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவினர் ஒன்றை மலிவாக வாங்கி, அது ஓடும்போதே குமிழ்களைத் திருகி, 1987-இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை அதிலிருந்து பரவியது. 2010-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த சேகரிப்பாளர் எடோ பௌமன் சிங்கின் தட்டை மறுவெளியீடு செய்தபோது, அதே ஒலி ஐந்து ஆண்டுகள் முன்பே பம்பாயில் பதிவாகியிருப்பதைக் கேட்டு இசை எழுத்தாளர்கள் அசந்துபோனார்கள். ‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியர்’ என்ற தலைப்புகள் பறந்தன. இது பெருமைக்குச் சொல்வது. சிகாகோக்காரர்கள் இந்தத் தட்டைக் கேட்டுச் செய்ததாக எந்தச் சான்றும் கிடையாது. ஒரே வடிகட்டியின் குமிழை இரண்டு ஊரில் இரண்டு பேர் திருகினால் ஒரே சத்தம்தான் வரும்.

எழுபது வயதைக் கடந்து ஐரோப்பிய மேடைகளில் இதே ராகங்களை வாசித்த சிங், 2015-இல் மும்பையில் காலமானார். புதிதாகக் கேட்பவர்கள் மால்கௌன்ஸில் தொடங்கலாம். இந்தோளம் தெரிந்த காதுக்கு மெட்டைப் பின்தொடர்வது சுலபம். போனின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், 303-இன் அடிக்குரல் அதில் பாதி காணாமல் போய்விடும்.