வலைக்கும் ஏலத்துக்கும் நடுவே: வள்ளத்தில் மீனைக் காப்பது



கடலில் வீசப்பட்ட வலையின் உவமையை (மத்தேயு 13:47-50) நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மறையுரைகளில் வலைக்கு விளக்கம் கிடைக்கும்; நல்ல மீன், கெட்ட மீன் என்ற பிரிவுக்கும் விளக்கம் கிடைக்கும். நல்ல மீன்களைச் சேர்த்து வைக்கும் கூடையைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. கடற்கரைப் பங்குகளில் வாழும் நமக்கோ அந்தக் கூடைதான் பெரிய கேள்வி. வலையில் ஏறும்போது நல்ல மீனாக இருந்தது, கரை சேர்வதற்குள் கெட்ட மீனாகிவிடலாம் அல்லவா?

திருத்தூதர்களுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. கலிலேயக் கடல் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் ஏரிதான். 1986-ஆம் ஆண்டு வறட்சியில் நீர் வற்றியபோது, அதன் கரைச்சேற்றில் இயேசுவின் காலத்தை ஒட்டிய ஒரு படகு கிடைத்தது. நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் இரண்டேகால் மீட்டர் அளவு. ஏறக்குறைய நம் ஃபைபர் வள்ளம்தான்! ஆனால் அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை அருகில். கரையில் உப்பும் உண்டு. அந்த ஏரிக்கரையில் தரிக்கேயா என்று கிரேக்கத்தில் அழைக்கப்பட்ட ஓர் ஊர் இருந்தது. உப்பிட்ட மீனால் வந்த பெயர் அது. மகதலா மரியாவின் ஊர் அதுவே என்று பலரும் கருதுகிறார்கள்.

நம் முன்னோரின் கட்டுமரத்திலும் சேமிப்பு என்று தனியாக எதுவும் இல்லை. மீன் பறியில் கிடக்கும். அலை வந்து நனைத்துக்கொண்டே இருக்கும். அதிகாலையில் போனவர்கள் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள். பிறகு வெளிப்பொருத்து எஞ்சின் வந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பல கரைகளில் கட்டுமரம் கிடந்த இடத்தில் ஃபைபர் வள்ளங்கள் வந்தன. மாலையில் புறப்பட்டு, நெடுந்தூரம் ஓடி, மறுநாள் காலையில் திரும்புவது வழக்கமாயிற்று. தூரம் கூடியது, நேரம் கூடியது. மீன் மட்டும் பழையபடி வள்ளத்தின் அடியில், தார்ப்பாயின் கீழே கிடந்தால் என்ன ஆகும்?

உயிருள்ள மீனின் சதையில் கிருமி இல்லை. அது செவுளிலும், தோலின் வழுவழுப்பிலும், குடலிலும்தான் இருக்கிறது. மீன் செத்ததும் காவல் போய்விடுகிறது; கிருமி உள்ளே நுழைகிறது. எவ்வளவு வேகமாக என்பதை வெப்பமே தீர்மானிக்கிறது. 0 டிகிரியில் ஒரு நாள் முழுவதும் நடக்கும் கெடுதல், 10 டிகிரியில் ஏறத்தாழ 6 மணி நேரத்தில் நடந்துவிடும். நம் கடல்நீரோ 28, 30 டிகிரி. வெயிலில் காயும் வள்ளத்தின் அடிப்பலகை அதைவிடச் சூடு. ஆகவே, கரைக்கு வந்து ஐஸ் போடலாம் என்று காத்திருப்பது, பாதி வீடு எரிந்தபின் தண்ணீர் தேடுவது போன்றது. ஐஸ் கெடுதலை மெதுவாக்கும். கெட்டதைத் திருப்பித் தராது.

விலை குறைவது ஒருபுறம் இருக்கட்டும். உடல்நலமும் இதில் இருக்கிறது. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்களின் சதையில் இயல்பாகவே இருக்கும் ஒரு பொருளை, சூட்டில் பெருகும் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற நஞ்சாக மாற்றுகின்றன. இது கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாக இருக்கும்போதே இது உருவாகியிருக்கலாம். சாப்பிட்ட சில நிமிடங்களில் அல்லது ஓரிரு மணி நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடல் அரிக்கும், வாய் எரியும். "எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது" என்று சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாமல் போனது, ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையாக இருக்கலாம். போராடிச் சாகும் சூரையின் உடற்சூடு கடல்நீரைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பெரிய மீனை இரத்தம் வடியவிட்டு, குடலையும் செவுளையும் எடுத்து, வயிற்றுக்குள்ளும் ஐஸ் வைப்பது அதனால்தான்.

எவ்வளவு ஐஸ் வேண்டும்? கணக்கு எளிது. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது ஏறத்தாழ 80 கிலோகலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. 30 டிகிரியில் உள்ள 100 கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர மட்டும் 30 கிலோவுக்குச் சற்று அதிகமான ஐஸ் வேண்டும். அதன்பின் வெயிலோடும், பெட்டிக்குள் புகும் சூட்டோடும் போராட மேலும் வேண்டும். அதனால்தான் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று சொல்கிறார்கள்.

பெட்டி நல்லதாக இருந்தால் இந்த ஐஸ் நிலைக்கும். தெர்மோகோல் பெட்டி மலிவு. ஆனால் உடைந்த இடத்தில் நீர் ஊறினால் அதன் பலன் குறைந்துவிடும். இரட்டைச் சுவருக்கு நடுவே நுரை அடைத்த பெட்டி விலை கூடினாலும் நெடுநாள் உழைக்கும். மூடி இறுக்கமாக இருக்கவேண்டும், வெள்ளை நிறமாக இருந்தால் நல்லது. மேலே நனைத்த சாக்கு போடலாம். அடியில் ஐஸ், மேலே ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ், கடைசியில் தடிமனாக ஐஸ். கட்டியாகப் போடாமல் நொறுக்கிப் போடவேண்டும். பெரிய கட்டி மீனைத் தொடும் இடம் குறைவு, அதன் கூர்முனை சதையையும் கிழிக்கும். உருகிய நீர் அழுக்கையும் கிருமியையும் கழுவிக்கொண்டு வடிய அடியில் துளை வேண்டும். மீன் அந்த அழுக்கு நீரில் ஊறக்கூடாது. பெட்டி மிக ஆழமாக இருந்தால் அடியில் கிடக்கும் சாளை நசுங்கி வயிறு வெடிக்கும். கணவாயைப் பாலிதீன் பையில் தனியாக வையுங்கள். நன்னீர் பட்டால் அதன் நிறம் மங்கும், அதன் மை பட்டால் பக்கத்து மீனுக்கு விலை போகும். மீன் கழுவ வெளிக்கடல் நீரே நல்லது. துறைமுகத்து நீரில் கழுவுவது கேட்டை விலை கொடுத்து வாங்குவது.

சாளை, நெத்திலி அதிகம் விழும் நாளில் வேறொரு வழி உண்டு. சுத்தமான கடல்நீரில் நிறைய ஐஸ் கலந்து மீனை அதில் முக்குவது. நீர் எல்லாப் பக்கமும் தொடுவதால் சீக்கிரம் குளிரும், நசுங்கவும் செய்யாது. ஆனால் பாதி நிறைந்த தொட்டியில் நீர் தளும்பினால் சின்ன வள்ளம் ஒரு பக்கமாகச் சாயும். தொட்டியோ பெட்டியோ எதுவானாலும் அணியத்திலும் வேண்டாம், அமரத்திலும் வேண்டாம். நடுவில், தாழ்வாக, கயிறு போட்டு இறுகக் கட்டி வையுங்கள். வலை இழுக்கும் நேரத்தில் ஐஸ் பெட்டி சறுக்கினால் போவது மீன் மட்டுமல்ல.

"எல்லாம் சரி சாமி, ஐஸுக்குப் பணம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எண்ணெய்க்கும் ஐஸுக்கும் செலவு கழித்துத்தானே மீதியைப் பங்கு பிரிக்கிறோம். வெறும் வலையோடு திரும்பும் நாளில் ஐஸ் உருகிப் போன பணம் எல்லார் தலையிலும் விழுகிறது. அந்தப் பயத்தில் பாதி ஐஸோடு போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மீன் விழுந்த ஒரு நாளில், காலை ஏலத்தில் வியாபாரி மீனை அழுத்திப் பார்த்து விரல் பதிந்த குழி மேலெழவில்லை என்று விலையை இறக்கும்போது போகிற பணம், பல நாள் ஐஸ் செலவைவிட அதிகம் என்பது என் கணிப்பு. முன்பணம் வாங்கி ஒரே வியாபாரியிடம் கட்டுப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது. மீன் நன்றாக இருந்தாலும் விலை அவர் சொல்வதுதான். அங்கே சிக்கல் பெட்டியில் இல்லை, கடனில் இருக்கிறது. சங்கமாகச் சேர்ந்து பெட்டி வாங்குவதும் ஏலம் விடுவதும் ஓரளவு வழி திறக்கும்.

ஐஸுக்குப் பதில் மருந்து என்ற குறுக்குவழி வேண்டவே வேண்டாம். 2018-இல் கேரளத்தில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்டபோது, நேர்மையாகப் பிடித்தவர்களின் மீனையும் வாங்க மக்கள் அஞ்சினார்கள்.

ஏலத்தோடு வேலை முடிவதுமில்லை. அலுமினியச் சருவத்தில் மீனை ஏற்றி, பேருந்துக்கு நின்று, உச்சிவெயிலில் தெருத்தெருவாக விற்கும் நம் தாய்மாரின் கையில் அதே மீன் இன்னும் ஐந்தாறு மணி நேரம் இருக்கிறது. வள்ளம் கரை ஏறும்போது மீன் படாத ஐஸ் பெட்டியில் மிச்சம் இருந்தால், அதை மணலில் கொட்டாமல் அவர்கள் சருவத்தில் போடுங்கள்.