புயலின் தடம் – 17: போனது திரும்பியது

ஒண்டோய் புயல் மணிலாவை முக்கியெடுத்த கதை போன வாரத்தோடு முடிந்தது. சேற்றை அள்ளிக்கொண்டிருந்தபோதே கிழக்கே அடுத்தது தெரிந்தது என்று நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் சான் ரோக் அணை என்றும் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அந்த அடுத்த புயல் பார்மா. பிலிப்பைன்ஸில் அதற்கு வைத்த பெயர் பெப்பெங். ஒண்டோய் அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. 2009 அக்டோபர் 2 அன்று அதிபர் அர்ரோயோ நாடு முழுவதற்கும் பேரிடர் நிலை அறிவித்தார். மறுநாள் புயல் மணிலா பக்கம் வரவில்லை. வலுவும் குறைந்து, லூசோன் தீவின் வடகிழக்கு மூலையில் ககாயான் மாகாணத்தில் கரையேறியது. அங்கிருந்து மேற்குக் கடலை நோக்கிப் போனது. தலைநகரத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஜப்பான் வானிலை முகமை புயல் மையத்தின் இருப்பிடத்தை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பதிவு செய்து வைத்திருக்கிறது. நான்கு நாளாக அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டிருக்கிறேன். பசிபிக்கில் புள்ளிகள் சீரான இடைவெளியில் வருகின்றன. லூசோனைத் தாண்டியதும் நெருங்கிவிடுகின்றன. ஒரு புள்ளியின் தோளிலேயே அடுத்த புள்ளி. பிறகு கோடு வந்த பக்கமே திரும்பி, தீவுக்குள் ஏறுகிறது. கிழக்கே போய் அங்கும் தங்காமல் மூன்றாம் முறையாகத் தீவின் மேல் ஏறி மேற்கே வருகிறது. எல்லாம் ஒரு வாரத்துக்குள். வடக்கு லூசோன் மேல் என் கோடுகள் சேர்ந்து ஒரே கறுப்பு. பெங்கெட் மலைகள் அந்தக் கறுப்புக்குள்தான் இருக்கின்றன.

புயல் தானாகச் சுழலும், ஆனால் தானாக நடக்காது. தேரை ஊர் இழுப்பதுபோல, சுற்றியிருக்கும் பெருங்காற்றுதான் அதை இழுத்துப் போகிறது. மேற்கு பசிபிக்கில் அந்த வேலையைச் செய்வது வடக்கே படுத்திருக்கும் உயரழுத்த மண்டலம். அதன் தென் விளிம்பில் மாட்டினால் புயல் மேற்கே போகும். மேற்கு விளிம்புக்கு வந்தால் வடக்கே வளையும். வடம் பிடித்தவர்கள் கைவிட்டால் தேர் நிலைக்கு வராமல் நடுத்தெருவில் நிற்பதுபோல், உயரழுத்தம் பலவீனமானால் புயலும் நின்றுவிடும். பார்மா நின்றதற்குக் காரணம் கிழக்கே வந்துகொண்டிருந்த இன்னொரு சூறாவளி. அதன் பெயர் மெலோர். மலேசியா தந்த பெயர், மல்லிகை என்று பொருள். இதைவிட அழகான பெயர் அந்த ஆண்டுப் பட்டியலில் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு சிறுமிகள் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இருவரும் நடுவில் உள்ள ஒரு புள்ளியைத்தான் சுற்றுகிறார்கள். கனம் குறைந்தவள் அகலமாக வீசப்படுவாள். இரண்டு புயல்கள் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டருக்குள் வந்தால் இதே ஆட்டம்தான், வட அரைக்கோளத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். வலுத்திருந்த மெலோர் ஜப்பானை நோக்கி ஏற, மெலிந்த பார்மா பின்னுக்கு இழுபட்டது.

இதற்கு ஃபுஜிவாரா விளைவு என்று பெயர். அந்தப் பெயருக்கு உரிய மனிதரைப் படிக்கத் தொடங்கியதுதான் இந்த வாரம் அணையை எட்டாமல் போனதற்குக் காரணம்.

சகுஹெய் ஃபுஜிவாரா தண்ணீரில் சுழிகளை உண்டாக்கி, இரண்டு சுழிகள் ஒன்றையொன்று எப்படி நெருங்குகின்றன என்று பார்த்தவர். 1921-இல் அதைக் கட்டுரையாக எழுதினார். 1941-இல் ஜப்பானின் மத்திய வானிலை ஆய்வகத்துக்குத் தலைவரானார். அதே ஆண்டு டிசம்பர் 8-இல் போர் வந்தது. எதிரியின் விமானங்களுக்குப் பயன்படும் என்று வானிலைச் செய்தி ராணுவ ரகசியமானது. வானொலியிலும் நாளிதழிலும் இருந்து மழை, காற்று, புயல் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போயின. புயலின் போக்கைத் தன் நாட்டுக்குப் புரியவைத்த மனிதர், தன் மக்களிடமே அதைச் சொல்லக் கூடாத அலுவலகத்தின் தலைவராக உட்கார்ந்திருந்தார். 1942 ஆகஸ்டில் ஒரு சூறாவளி யமகுச்சிக் கடற்கரையைத் தாக்கியது. வருகிறது என்று ஆய்வாளர்களுக்குத் தெரியும். எச்சரிக்கை மட்டும் மக்களை முறையாக எட்டவில்லை. இறந்தோரும் காணாமல் போனோரும் ஆயிரத்துக்கு மேல். இந்தப் பத்தியை எழுதிவிட்டு வெகுநேரம் எழுந்து நடந்தேன்.

மூன்று ஆண்டு எட்டு மாதம் கழித்து, 1945 ஆகஸ்ட் 22 அன்று வானொலியில் வானிலை அறிவிப்பு திரும்பி வந்தது. டோக்கியோவில் அவ்வப்போது மழை பெய்யலாம் என்றார்கள். அன்றிரவே ஒரு சிறிய சூறாவளி டோக்கியோ பக்கம் ஏறியது. போரில் சிதைந்த கண்காணிப்பு வலையில் அது அகப்படவே இல்லை. ஃபுஜிவாராவின் அண்ணனோ தம்பியோ பெற்ற மகன் ஒருவர், வானிலைத் துறையிலேயே வேலை பார்த்த நாவலாசிரியர் நிட்டா ஜிரோ. ஃபூஜி மலை உச்சியில் 1964-இல் ரேடார் எழுப்பிய பணியில் அவர் முக்கியமானவர். கடலில் தொலைவில் வரும் சூறாவளியைப் பார்ப்பதற்கென்றே கட்டிய கண் அது. அந்தக் குடும்பத்தைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதுவேன்.

2009-க்குத் திரும்புவோம். அதற்குள் செயற்கைக்கோள் வந்துவிட்டது. ஜப்பான் முகமை தன் பாதைக் கணிப்பை மூன்று நாளிலிருந்து ஐந்து நாளாக நீட்டியதும் அந்த ஆண்டு ஏப்ரலில்தான். கணிப்பு வரைபடத்தில் வட்டங்கள் போடுவார்கள். நாள் போகப்போக வட்டம் பெரிதாகும். புயல் பெருக்கிறது என்று பலர் படிக்கிறார்கள். அது புயலின் உருவமே இல்லை. மையம் அந்த வட்டத்துக்குள் வர 70 விழுக்காடு வாய்ப்பு என்பதுதான் பொருள். வட்டம் பெரிதானால் கணிப்பவரின் ஐயம் பெரிது. நகர்த்தும் காற்று அறுந்துபோய், பக்கத்தில் இன்னொரு புயலும் சுற்றும்போது அந்த ஐயம் எவ்வளவு நியாயமானது என்று என் பென்சில் கோட்டைப் பார்த்தால் புரிகிறது.

நின்ற புயலில் காற்றைப் பற்றிய பயம் குறைந்துவிடுகிறது. கேடு மழையில் இருக்கிறது. நகரும் புயல் ஒரு மலைக்கு அரை நாள் மழை தரும். பார்மா அதே மலைகளுக்கு நாள்கணக்கில் தந்தது. மணிலாவுக்கு முட்டைக்கோசும் கேரட்டும் அனுப்பும் பெங்கெட் சரிவுகளில் மண் ஊறி ஊறிக் கனத்தது. அக்டோபர் 8 காலை மெலோர் ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் கரையேறியது. அன்றிரவு, லா டிரினிடாட் ஊரின் புகீஸ் பகுதியில் மலைச்சரிவு வீடுகளின் மேல் இறங்கியது. பாகியோ நகருக்கு ஏறும் சாலைகள் எல்லாம் அடைபட்டன. மீட்கப் போனவர்கள் மண்ணைக் கையால் தோண்ட வேண்டியிருந்தது.

அந்த மலைகளின் தண்ணீர் அக்னோ ஆற்றில் சேர்கிறது. ஆறு சமவெளிக்கு இறங்கும் வாயில் இருப்பது சான் ரோக் அணை. 8-ஆம் தேதி இரவு அதன் நீர்மட்டம் ஏறிக்கொண்டிருந்தது. கீழே பங்கசினான் மாகாணத்து ஊர்கள் தூங்கப் போயிருந்தன. மதகுகள் திறந்த கதை அடுத்த வாரம்.